அடுத்த அறையின் அச்சுப்பொறி நம் கணினியில் ஏன் தெரிய வேண்டும்?



கட்டுரைப் பயிற்சியும் வாக்கிய அமைப்பும் எழுதிக்கொண்டிருக்கும் நான் இன்று அச்சுப்பொறியைப் பற்றி எழுதப் போகிறேன். 'டீச்சருக்கு என்ன ஆயிற்று?' என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், தவறில்லை. ஆனால், முழுவதையும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

கடந்த ஆண்டு நடந்தது இது. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை எனக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் அமர்ந்து ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் உதவிநிதி விவரங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். கே.டபிள்யூ.ஏ.பி.எம். எனப்படும் ஏழை மாணவர் அறநிதிப் பாரத்தை நிரப்பிக் கொடுத்த ஆசிரியர்களுக்கு அதில் என்னென்ன இருக்கும் என்பது தெரியும். பெற்றோரின் தொழில், மாத வருமானம், அவ்வருமானத்தை நம்பி வாழ்வோர் எத்தனை பேர் என ஒரு குடும்பத்தின் அடுப்படி வரை எட்டிப் பார்க்கும் பாரம் அது. அவ்விவரங்களைப் பட்டியலாக்கி, மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அச்சிடுமாறு கட்டளை கொடுத்தேன். ஆசிரியர் அறையிலிருந்த பொறி அசையவில்லை. தாள் சிக்கியிருக்கும் என்று எண்ணித் திறந்து பார்த்தேன், சிக்கவில்லை. மீண்டும் அழுத்தினேன். அசையவில்லை. மூன்றாம் முறையும் அழுத்தினேன்.

என் பட்டியல் மூன்று படிகளாகக் கணினிக் கூடத்தில் வெளிவந்துகொண்டிருந்தது.

அந்நேரம் அங்கே ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம். பயிற்சித்தாள்தான் வருகிறது என்று நினைத்து ஒரு மாணவன் தாள்களை எடுத்து நண்பர்களிடம் கொடுத்திருக்கிறான். அவன் மீது குற்றமில்லை; அந்தப் பொறியிலிருந்து அதுவரை பயிற்சித்தாளைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. தாளைப் பெற்ற ஒருவன் அதிலிருந்த பெயர்களை உரக்கப் படித்திருக்கிறான். தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் 'இல்லை' என்றிருந்த ஒரு பெயரில் நின்று, 'இது உன் தங்கச்சிதானே?' என்று பின்வரிசையைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். பின்வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுமியின் அண்ணன் எழுந்துவந்து, ஒரு சொல்லும் பேசாமல், ஒவ்வொருவர் கையிலிருந்தும் தாளைப் பிடுங்கி மடித்துத் தன் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தார். 'டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. எப்படியோ சமாளிச்சுக்கிறோம்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தவறு என்னுடையது. எந்தப் பொறிக்கு அனுப்புகிறேன் என்பதைப் பார்க்காமல் அழுத்தியவள் நான்தான். அதை அந்தத் தாயாரிடமும் சொன்னேன், தலைமையாசிரியரிடமும் எழுதிக் கொடுத்தேன். ஆனால், அன்று மாலை மடிக்கணினியைத் திறந்து அமைதியாகப் பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது.

என் கணினியின் பட்டியலில் ஆறு அச்சுப்பொறிகள் இருந்தன! அலுவலகத்தில் இரண்டு, ஆசிரியர் அறையில் ஒன்று, கணினிக் கூடத்தில் ஒன்று, நூல்நிலையத்தில் ஒன்று, சிறப்புக் கல்வி வகுப்பில் ஒன்று. அனைத்தும் ஒரே நிறுவனத்தின் பொறிகள் என்பதால் பெயர்களும் ஏறத்தாழ ஒன்றே. கடைசியில் வரும் 'நகல் 1', 'நகல் 2' என்பதுதான் வேறுபாடு. எங்களுக்குப் பிணையம் அமைத்துக் கொடுத்தவர், எவர் எங்கு வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லா மடிக்கணினிகளிலும் எல்லாப் பொறிகளையும் நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்கு மேல் இன்னொன்று. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'முதன்மை அச்சுப்பொறியை விண்டோசே நிருவகிக்கட்டும்' என்றொரு அமைப்பு உண்டு. அது செயலில் இருந்தால், அந்த இடத்தில் நாம் கடைசியாகப் பயன்படுத்திய பொறி தானாகவே முதன்மைப் பொறியாகிவிடும். முதல் நாள் கணினிக் கூடத்தில் வினைச்சொல் பயிற்சித்தாள் ஒன்றை அச்சிட்டிருந்தேன். அந்த ஒரு தாளின் விளைவாக, மறுநாள் நான் அனுப்பிய அனைத்தும் கணினிக் கூடத்தை நோக்கியே ஓடின. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் இன்றைக்கே தங்கள் கணினியில் அவ்வமைப்பைத் தேடி நிறுத்திவிடுங்கள். அமைப்புகள் பகுதியில், அச்சுப்பொறிகள் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்நிகழ்வுக்குப் பின் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், 'அச்சிடும்போது கவனமாக இருக்கவும்' என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. எல்லாரும் கையொப்பமிட்டோம். அவ்வளவுதான்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை கற்பித்துவிட்டு, இடையில் மாற்றாசிரியராகவும் ஓடிவிட்டு, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அச்சிடுபவர்கள் நாம். நம் கவனத்தை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் குடும்ப விவரத்தை வைப்பது சரியன்று. ஆறு பெயர்களில் ஐந்து தவறானவை என்றால், அந்த ஐந்து பெயர்களும் என் கண்ணில் படவே கூடாது. ஆசிரியர் அறையிலிருப்பவருக்கு ஆசிரியர் அறையின் பொறி தெரியட்டும். கணினிக் கூடத்திலிருப்பவருக்குக் கணினிக் கூடத்தின் பொறி தெரியட்டும். இதுவே என் கருத்து.

இது புதிய சிந்தனையுமன்று. 1985-இல் ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியை வெளியிட்டபோது, அதைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள ஆப்பிள்டாக் என்னும் பிணைய முறையையும் உடன் கொண்டுவந்தது. அம்முறையில் ஒரு பெரிய பிணையத்தை 'மண்டலங்களாக'ப் பிரிக்கலாம். அச்சிட விரும்புபவர் முதலில் மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பார். பிறகு அம்மண்டலத்திலுள்ள பொறிகள் மட்டும் பட்டியலில் வரும். ஒரு மண்டலத்தின் பொறிகள் பிற மண்டலத்தாருக்குத் தெரியாதபடி ரவுட்டரில் வடிகட்டவும் முடிந்தது. 2009-இல் ஆப்பிள் அம்முறையையே கைவிட்டுவிட்டது. ஆயினும், அண்டை மாடியின் பொறிக்குத் தெரியாமல் தாளை அனுப்பிவிட்டுத் தேடி அலையும் தொல்லை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அலுவலகங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பள்ளிகளுக்குப் பொறிகள் வந்து சேர்ந்த அளவுக்கு அவ்வனுபவம் வந்து சேரவில்லை.

இன்றைய பொறிகள் எவ்வாறு நம் கணினிக்கும் கைப்பேசிக்கும் தெரிகின்றன? பிணையத்தில் இணைந்தவுடன் ஒவ்வொரு பொறியும், 'நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது, என்னால் வண்ணத்திலும் அச்சிட முடியும்' என்று பிணையம் முழுவதற்கும் அறிவிக்கிறது. காலையில் சபை கூடலின்போது ஒலிபெருக்கியில் பேசுவதைப் போன்றது அது. திடலில் இருப்பவர் எல்லாருக்கும் கேட்கும், திடலுக்கு வெளியே கேட்காது. அறிவிப்பு அந்த ஒரு பிணையப் பகுதிக்குள்ளேயே நின்றுவிடும். ரவுட்டரைத் தாண்டி மற்றொரு பகுதிக்கு அது போக வேண்டுமென்றால், போகட்டும் என்று ஒருவர் வேண்டுமென்றே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

ஆக, பள்ளி முழுவதும் ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல், ஒரே பிணையம் என்றால், பள்ளி முழுவதுமே ஒரே திடல். தேர்ச்சியறிக்கை வழங்கும் நாளில் வரும் பெற்றோருக்கும் அதே கடவுச்சொல்லைத்தான் கொடுக்கிறோம். எங்கள் பள்ளியில் ஒரு தந்தை சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்தபடி தம் கைப்பேசியை என்னிடம் காட்டி, 'டீச்சர், இது உங்க ஆபீஸ் பிரிண்டரா? என் போன்ல காட்டுதே!' என்று வியந்தார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

இதற்குத் தீர்வு அந்த ஒரே திடலைப் பிரிப்பதுதான். ஒவ்வோர் அறைக்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. சற்றே தரமான சுவிட்சும் ரவுட்டரும் இருந்தால், ஒரே கம்பியிலேயே ஒன்றோடொன்று கலவாத தனித்தனிப் பாதைகளை உருவாக்கலாம். இதைத்தான் கணினித் துறையினர் 'வி-லேன்' என்கின்றனர். வைஃபையிலும் அவ்வாறே வெவ்வேறு பெயர்களைக் கொடுத்து வெவ்வேறு பாதைகளில் சேர்க்கலாம். ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அலுவலகம், ஆசிரியர்கள், கணினிக் கூடம், விருந்தினர் என நான்கு மண்டலங்கள் போதும் என்பது என் எண்ணம். விருந்தினர் மண்டலத்தில் எந்தப் பொறியும் தெரியக்கூடாது. கணினிக் கூடத்தில் அக்கூடத்தின் பொறி மட்டும். சிறப்புக் கல்வி வகுப்பின் பொறியைச் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் மட்டுமே காண வேண்டும். அங்கே அச்சாகும் அறிக்கைகள் மருத்துவக் குறிப்புகளுக்கு நிகரானவை.

கூடவே பெயர்களையும் மாற்றுங்கள். இதற்குச் செலவே இல்லை. தொழிற்சாலை வைத்த எண்ணையும் எழுத்தையும் நீக்கிவிட்டு 'ஆசிரியர் அறை – கறுப்பு', 'நூல்நிலையம்' என்று இடத்தின் பெயரை இடுங்கள். 'நகல் 2' என்பது ஒரு பெயரா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் தெரியாமல் செய்வது வேறு, பூட்டுவது வேறு. விண்டோசில் பகிரப்படும் பொறியின் பெயருக்குப் பின்னால் டாலர் குறியொன்றைச் சேர்த்துவிட்டால் அது பட்டியலில் மறைந்துவிடும். ஆனால், பெயர் தெரிந்தவர் அதைத் தட்டெழுதிச் சேர்ந்துகொள்ள முடியும். அதுமட்டுமா? விண்டோசில் ஒரு பொறியைப் பகிர்ந்தவுடன் அச்சிடும் உரிமை இயல்பாகவே 'எல்லாருக்கும்' என்றுதான் அமைகிறது. பிணையப் பொறிகள் பலவும் 9100 என்னும் எண்ணுடைய வாயிலில் வருவதை, யார் எவர் என்று கேட்காமல் அச்சிட்டுவிடும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில், இணையத்துக்கு நேரடியாகத் திறந்து கிடந்த அச்சுப்பொறிகளைத் தேடிப் பிடித்து, யூடியூப் ஒளிவழி ஒன்றுக்கு ஆதரவு கேட்கும் தாளை உலகெங்கும் அச்சிட வைத்தார் ஒருவர். சுமார் 50,000 பொறிகளுக்கு அனுப்பியதாக அவரே சொல்லிக்கொண்டார். அந்தப் பொறிகளின் உரிமையாளர்களில் எத்தனை பேர் தங்கள் பொறி இப்படித் திறந்து கிடப்பதை அறிந்திருப்பார்கள்?

எனவே, பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு மண்டலத்திலிருந்து மற்றொரு மண்டலத்தின் பொறிக்குச் செல்லும் வழியையே ரவுட்டரில் அடைக்க வேண்டும். அச்சிடும் உரிமையை 'எல்லாருக்கும்' என்பதிலிருந்து மாற்ற வேண்டும். பொறியின் நிருவாகக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பொறி வந்த பெட்டியில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லே இன்றுவரை இருந்தால், அது கடவுச்சொல் ஆகாது. மாணவர்களிலும் ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள் ஐயா! நம்மைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் கருத்தைக் கூட்டத்தில் சொன்னபோது எதிர்ப்பும் வந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர், 'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்போல் பழகுகிறோம். நமக்குள் எதற்கு அம்மா இந்தச் சுவரெல்லாம்?' என்றார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், மறைக்கப்பட வேண்டியது என் இரகசியமோ அவர் இரகசியமோ அன்று. நம்மை நம்பி ஒரு தாய் எழுதிக் கொடுத்த விவரம் அது. குடும்பத்துக்குள்ளும் அலமாரிக்குச் சாவி இருக்கத்தான் செய்கிறது.

மற்றொருவர், 'யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் போய்விட்டது. இனி இரகசியமாக அச்சிட நம்மிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பும் எழுந்தது. தேர்வுத்தாளைத்தான் நாம் இரகசியம் என்று பழகியிருக்கிறோம். அதை உறையிலிட்டு, முத்திரை வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டினோம். வகுப்பறை மதிப்பீட்டில் ஒரு மாணவனைப் பற்றி நாம் எழுதும் குறிப்பு, கட்டொழுங்குக் கடிதம், மணமுறிவு பெற்ற பெற்றோரின் நீதிமன்ற ஆவணப் படி, ஆர்.எம்.டி. உணவு பெறுவோர் பட்டியல் ஆகியவற்றை எந்த உறையிலும் இட்டதில்லை. தேர்வுத்தாள் கசிந்தால் வேறு தாள் தயாரித்துவிடலாம். அந்த அண்ணனுக்கு வேறு என்ன தயாரித்துக் கொடுப்பது?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிகத் தொடர்புகளுக்கு உரியது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது. அரசாங்கப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் விவரத்துக்கு அச்சட்டத்தைக் காட்டிக் காவல் கேட்க இயலாது.

மூன்றாவதாக ஒரு மறுப்பு வந்தது. அதை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. 'மண்டலம் பிரிப்பதாகச் சொல்லி நல்ல பொறியை அலுவலகம் வைத்துக்கொள்ளும். மைதீர்ந்த பொறி நமக்கு வரும்' என்றார் ஓர் இளம் ஆசிரியை. உண்மைதான். எங்கள் பள்ளியின் ஒரே வண்ணப் பொறி அலுவலகத்தில் இருக்கிறது. முதலாம் ஆண்டுக்குப் படவட்டை தயாரிக்கும் ஆசிரியைக்கு வண்ணம் வேண்டாமா? கறுப்பு வெள்ளையில் 'சிவப்பு' என்று எப்படிக் கற்பிப்பது? பாதுகாப்பு என்ற பெயரில் பதவிக்கு ஏற்ப வசதியைப் பங்கிடும் வேலை நடக்குமானால், அதை எதிர்க்கும் முதல் ஆள் நானாக இருப்பேன். வண்ணப் பொறி ஆசிரியர் மண்டலத்துக்கும் தெரியட்டும். ஆனால், அனுப்பியவர் அதன் முன் வந்து நின்று, தம் இரகசிய எண்ணை அழுத்திய பின்னரே தாள் வெளிவரட்டும். அலுவலகப் பயன்பாட்டுக்கான பொறிகள் பலவற்றில் இவ்வசதி ஏற்கெனவே உண்டு. நாம்தாம் திறந்து பார்ப்பதில்லை. அப்படிச் செய்தால் ஆசிரியை தம் படவட்டையையும் பெறுவார். அலுவலக எழுத்தர் அனுப்பிய கடிதம் அவர் கையில் சிக்கவும் செய்யாது.

இருபது முப்பது மாணவர்களோடு இயங்கும் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இம்மண்டலக் கணக்கெல்லாம் பொருந்தாது என்பதையும் அறிவேன். அங்கே இருப்பது ஒரே பொறி. அது இருப்பதும் அலுவலகமும் ஆசிரியர் அறையுமான ஒரே அறை. அவர்களுக்கு இரகசிய எண் முறையும், வருகையாளருக்குத் தனி வைஃபையும் போதும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூரை, கழிப்பறை, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றோடு இதையும் கேளுங்கள்: 'நாங்கள் கொடுக்கும் பாரங்கள் எந்த அறையில் அச்சாகின்றன? அந்தப் பொறியை வேறு யார் காண முடியும்?' பள்ளியைக் குறை கூறுவதாக எவரும் எண்ண மாட்டார்கள். எண்ணினாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் விடுமுறையின்போது கணினிப் பொறுப்பாசிரியர் இரண்டு நாள் வந்து அமர்ந்து வேலையை முடித்தார். முன்னாள் மாணவர் ஒருவர் உடன் உதவினார். பெ.ஆ. சங்கம் ஒரு சுவிட்ச் வாங்கிக் கொடுத்தது. என் மடிக்கணினியில் இப்பொழுது 'ஆசிரியர் அறை – கறுப்பு' என்ற ஒரே பெயர்தான் தெரிகிறது. வண்ணப் பொறியைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அந்த இளம் ஆசிரியையும் நானும் விடுவதாக இல்லை.

அந்தத் தாயாரிடம் இரண்டு முறை வீடு வரை சென்று பேசினேன். பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார், உதவியும் கிடைத்தது. மகன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். மகள் ஆறாம் ஆண்டில் இருக்கிறாள். இவ்வாண்டுக்கான பாரத்தை அவர் வகுப்பாசிரியரிடமும் தரவில்லை, என்னிடமும் தரவில்லை. உறையிலிட்டு, நான்கு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, நேராக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.